கென்மெதெஹ் மிச்சம் வைத்த தயிர்

கென்மெதெஹ் என்றால் 'யாருக்குத் தெரியும்' என்று பொருள். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதையும் தூக்கிக்கொண்டு போக வருகிற பேய் வாசலில் நின்று "உள்ளே பிறந்திருப்பது யார்?" என்று கேட்டால், வருகிற பதிலில் குழம்பித் திரும்பிப் போகட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்கள். பேய் குழம்பியதா என்று தெரியாது. தமிர் ஆற்றுப் பள்ளத்தாக்கு மட்டும் அறுபது வருடங்களுக்கு மேலாகக் குழம்பிக்கொண்டிருக்கிறது.

பட்டாளத்தில் சேர்ந்த அன்று, நகரத்தில் வளர்ந்த ஓர் அதிகாரி "உன் பேரென்ன?" என்று கேட்க, இவர் நெஞ்சை நிமிர்த்தி "யாருக்குத் தெரியும், ஐயா!" என்று கத்தினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் உருளைக்கிழங்கு உரித்தார். ஊர் திரும்பியதும் கூட்டுப் பண்ணையில் பால் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது. அங்கே யஞ்ச்மா என்ற பால்காரப் பெண்ணின் தொட்டியில் தினமும் தயிரின் மேலாடை காணாமல் போயிற்று. மேற்பார்வையாளர் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, "யாரு தின்னது?" என்று அவளைக் கேட்டார். அவள் உண்மையைத்தான் சொன்னாள். "தொட்டிக்குப் பொறுப்பு நீ, யாருக்குத் தெரியும்னு என்கிட்டயே சொல்றியா?" என்று அவர் குதித்தார். எல்லோரும் சிரித்து முடித்ததும் யஞ்ச்மா அகப்பையை எடுத்துக்கொண்டு பால் வண்டியைத் தேடிப் போனாள். அந்த இலையுதிர்காலத்தில் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. அகப்பையை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.

தயிர் விஷயத்தில் கென்மெதெஹ் புகழ்கிற ஆள் இல்லை. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் கொடுத்ததை இரு கைகளாலும் வாங்குவார், குடிப்பார், ஒட்டியிருப்பதை ஆள்காட்டி விரலால் வழித்து நக்குவார், காலிக் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டுவார். "பரவாயில்ல" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாய்ந்த கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டுப் பெண் மூச்சை விடுவாள். அவர் கிண்ணத்தில் மிச்சம் வைத்ததை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. யாக் பாலில் உறைந்த கோடைத் தயிர் அவருக்கு உணவா, வழிபாடா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வசந்தகாலத்தில் கால் வீங்கியது. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் பூட்ஸ் கழலவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர் தொல்கோர், சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைக்கு மேல் பார்ப்பதில்லை என்று கண்டுபிடித்தார்.

"ஐயா, டீயில உப்பு வேணாம். காஞ்ச தயிர்க்கட்டி வேணவே வேணாம். கறி உள்ளங்கை அளவு போதும்" என்றார் டாக்டர்.

கென்மெதெஹ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மெதுவாக, "தயிரு?" என்றார்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பால்ல இருக்கிற பாஸ்பரஸை உங்க கிட்னியால வெளிய தள்ள முடியல. அது ரத்தத்துலயே தங்கி எலும்பை அரிக்கும். ஆனா தயிரை அடியோட நிறுத்தச் சொல்லல. தினம் அரைக் கிண்ணம் சாப்பிடுங்க."

'வேண்டாம்' என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் மனிதன் அழுதுவிட்டு அடங்கிவிடுவான். 'அரை' என்று சொன்னால் அவனுக்குள் ஒரு வக்கீல் எழுந்து உட்காருகிறான். கென்மெதெஹுக்குள் எழுந்த வக்கீல், மலையோரம் ஜீப் குலுங்கிக்கொண்டு போகும்போதே முதல் கேள்வியைக் கேட்டுவிட்டான்: எந்தக் கிண்ணம்?

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணம். கென்மெதெஹின் கிண்ணம் பூர்ச்ச மரத்தின் முடிச்சைக் குடைந்து செய்தது, விளிம்பில் வெள்ளி கட்டியது. அவருடைய தாத்தா ஒரு மல்யுத்த வீரர். அவருக்கென்று செய்த கிண்ணம் அது. ஒருமுறை ஓர் ஆட்டுக்குட்டி அதற்குள் முகத்தை விட்டு, எடுக்கத் தெரியாமல் கூடாரத்தைச் சுற்றி ஓடியிருக்கிறது.

"அரைக் கிண்ணம்" என்று சொல்லி அதை மனைவியிடம் நீட்டினார்.

யஞ்ச்மா கிண்ணத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "டாக்டரு இதையா சொல்லிச்சு?"

"கிண்ணம்னு சொல்லிச்சு. என் கிண்ணம் இதானே? ஊரான் கிண்ணத்துலயா தின்னச் சொல்லும்?"

"இது கிண்ணமாய்யா? குதிரைக்குத் தண்ணி காட்டற தொட்டி! சாராயம் ஊத்தற வெள்ளிக் கோப்பை இருக்கு பாரு, அதுல பாதி. அதான் அளவு."

"அதுல நாக்கே நனையாதுடி கிழவி."

"நாக்கு எதுக்கு நனையணும் கிழவா? நாக்குக்கா வைத்தியம்?"

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். டாக்டர் வாயிலிருந்து வந்த வார்த்தை 'கிண்ணம்'. அதை மாற்ற யஞ்ச்மாவுக்கு உரிமை இல்லை என்று வாதாடினார். கிண்ணத்துக்குள் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டைத் தயிர் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கோட்டை அவர்தான் கிழித்தார்.

உள்ளே இருந்த வக்கீல் அடுத்த கேள்விக்குப் போனான். அரைக் கிண்ணம் என்றால், ஒரு கூடாரத்துக்கா, ஓர் ஆளுக்கா? அதற்குப் பிறகு அந்தக் கோடையில் கென்மெதெஹின் பழுப்புப் பெண்குதிரை தினமும் காணாமல் போக ஆரம்பித்தது. காலையில் சேணம் போட்டுக்கொண்டு தேடக் கிளம்பிவிடுவார். முதல் கூடாரத்துக்கு முன்னால் நின்று, விருந்தாளிகள் வழக்கமாகச் சொல்வதுபோல், "நாயைப் பிடி!" என்று கத்துவார். உள்ளே போய், மூக்குப்பொடிக் குப்பிகளை மாற்றி முகர்ந்து, "என் குதிரையைப் பாத்தீங்களா?" என்பார். பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் விருந்தாளிக்கு முன்னால் தயிர் வந்துவிடும். அதில் அரைக் கிண்ணம். அடுத்த கூடாரத்தில் அரைக் கிண்ணம். பழுப்புக் குதிரை யஞ்ச்மாவின் கண்ணெதிரே ஆற்றங்கரையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

கோடை நடுவில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதைப் பார்த்த டாக்டர் தொல்கோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஐயா, நான் சொன்னபடிதானே சாப்பிடுறீங்க?"

"அச்சுப் பிசகாம."

"தயிர்?"

"அரைக் கிண்ணம்தாம்மா."

"எவ்வளவு பெரிய கிண்ணம்? கையால காட்டுங்க."

கென்மெதெஹ் காட்டினார். நேர்மையான மனிதர் என்பதால் முழுசாகவே காட்டினார். டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"அதுல பாதியா?"

"ஒரு கூடாரத்துக்கு" என்றார் அவர்.

இந்த முறை கூட வந்திருந்தது மகள் உர்னா. தலைநகரத்தில் வேலை, ஒன்பதாவது மாடியில் வீடு. அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, இதுக்கு மேல ஏறிச்சுன்னா மெஷின் வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். அந்த மெஷின் இந்த மாவட்டத்துல இல்ல. இலையுதிர்கால மேய்ச்சலுக்குக் கிளம்பற சமயத்துல இன்னொரு தடவை டெஸ்ட். அதுல கூடியிருந்தா, உங்களை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். விருந்துக்கு இல்ல, மொத்தமா."

"உங்கம்மா?"

"அம்மா வரமாட்டாங்க. யாக்கை யாரு பாக்கறது?"

கென்மெதெஹ் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். போன குளிர்காலத்தில் மகள் வீட்டு ஜன்னலில் நின்று வெளியே பார்த்தபோது, கீழே ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பருந்தின் வயிற்றைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். அதன் முதுகைப் பார்த்ததும் தலை சுற்றிப் பாயில் படுத்துவிட்டார். மனிதன் இருக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அளவு இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. தயிருக்கும் ஓர் அளவு இருக்கலாம் என்று இப்போதுதான், ஜீப்பில் உட்கார்ந்து, முதல்முறையாகத் தோன்றியது.

டாக்டர் தன் மேஜையிலிருந்த வெள்ளைப் பீங்கான் கோப்பையையே கையில் கொடுத்தனுப்பியிருந்தார். "இதுல பாதி. இது ஒண்ணுதான் கிண்ணம். உலகத்துல வேற கிண்ணமே கிடையாதுன்னு நினைச்சுக்குங்க." யஞ்ச்மா அதைப் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மல்யுத்தக் கிண்ணத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள்.

"ஏன்?"

"சீக்குன்னு தெரிஞ்சா ஆளாளுக்கு வெள்ளை உணவைத் தூக்கிட்டு வந்துருவாங்க. பாலு, தயிரு, வெண்ணெ, தயிர்க்கட்டி. உன்னைப் பாத்துட்டுச் சும்மா போவாங்களா? வாயில ஊட்டிட்டுப் போவாங்க."

அதில் நியாயம் இருந்தது. அவருக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது. காலொடிந்தால் சொல்லலாம், குதிரை உதைத்தால் பெருமையாகவே சொல்லலாம். ஒன்றுக்குப் போகிற சமாசாரத்தை எப்படிப் போய்ச் சொல்வது?

பழுப்புக் குதிரை காணாமல் போவது நின்றது. அதற்காக எந்தக் கூடாரத்துக்கும் போகாமல் இருக்க முடியுமா? கோடையில் ஒருவன் அக்கம்பக்கம் போகாவிட்டால் சண்டை என்று அர்த்தம். அடுத்த வாரமே எனெபிஷ் வந்து கூப்பிட்டான். எனெபிஷ் என்றால் 'இது இல்லை'. அவனும் பேயை ஏமாற்றிப் பிழைத்தவன்தான். அவன் மனைவி புர்வே தார்ச்சாலை ஓரத்தில் பயணிகளுக்குத் தயிர் விற்பவள். அவளுடைய உறை, தாய்வீட்டிலிருந்து கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது, பல வருடங்களாக அறுபடாமல் ஊற்றி வருவது. பள்ளத்தாக்கில் பாதிக் கூடாரங்களில் அவளிடம் வாங்கிய உறைதான் ஓடுகிறது. அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புதுக் கூடாரத்துக்கு மரத்தூண்கள் நிறுத்துவதற்கு ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

வேலை முடிந்ததும் புர்வே கிண்ணத்தை நீட்டினாள். விளிம்பு வரை தயிர், மேலே மஞ்சள் ஆடை. கென்மெதெஹ் இரண்டு கைகளாலும் வாங்கினார். உதட்டில் வைத்தார். ஒரு மடக்குக் குடித்தார். பிறகு தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே?" என்றாள் புர்வே.

"ஒண்ணுமில்லம்மா."

"புளிச்சிருக்கா?"

"சேச்சே."

"நீர்த்துருக்கா? பூசணை வாடை ஏதும் வருதா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அதுதான் தப்பாகிப்போனது. 'பரவாயில்ல' என்று சொல்லியிருந்தால் கூடத் தப்பித்திருப்பார். அவர் வாயால் 'நல்லாயிருக்கு' என்று யாரும் கேட்டதில்லை. மரண வீட்டில் சொல்கிற வார்த்தை மாதிரி அது புர்வேயின் காதில் விழுந்தது.

மறுநாளைக்குள் சேதி மோட்டார் சைக்கிளில் ஏறிப் பள்ளத்தாக்கின் இரண்டு முனைக்கும் போய்விட்டது. புர்வேயின் தயிரை மிச்சம் வைத்துவிட்டார். யாரு வச்சது? கென்மெதெஹ். யாருக்குத் தெரியுமா, இல்ல கென்மெதெஹேயா? கென்மெதெஹேதான்! கேட்டவர்கள் கையிலிருந்த கறவைப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள்.

அடுத்துப் போன கூடாரத்திலும் அவர் ஒரு மடக்கோடு வைத்தார், அதற்கடுத்ததிலும். வைக்காமல் என்ன செய்வார்? ஆனால் அவையெல்லாம் புர்வேயிடம் உறை வாங்கிய கூடாரங்கள். முடிவு தானாகவே எழுதப்பட்டுவிட்டது: உறை கெட்டுப்போயிருக்கிறது. நாக்குள்ள ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார், மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்ததைப் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். பெண்கள் தொட்டி தொட்டியாகத் தயிரை வெளியே கொட்டினார்கள். நாய்களுக்குக் கொண்டாட்டம் வந்தது. தமிர் பள்ளத்தாக்கின் நாய்கள் முகமெல்லாம் வெள்ளையாக, வயிறு உருண்டு, அந்நியர்களைப் பார்த்துக் குரைக்கவும் சோம்பிக் கிடந்தன. "நாயைப் பிடி!" என்று கத்தவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. புது உறை வாங்கக் கணவாய்க்கு அந்தப்பக்கம் ஆள் அனுப்பினார்கள். அந்தப்பக்கத்தார் "எங்க உறைக்கும் உங்க சீக்கு ஒட்டிக்கும்" என்று பாத்திரத்தைத் தொடவிடவில்லை. சாலையோரம் புர்வேயின் பெஞ்சில் வண்டி நிறுத்துகிற ஓட்டுநர்கள் கூட, "அந்தக் கெட்டுப்போன உறையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உலகத்தில் எத்தனையோ தீர்ப்புகள் ஒரு வார்த்தையும் பேசாத நீதிபதியின் முகத்தைப் பார்த்துத்தான் எழுதப்படுகின்றன போலும்.

கென்மெதெஹுக்கு இது எதுவும் தெரியாது. அவர் வெள்ளைக் கோப்பையில் பாதியைக் கரண்டியின் நுனியால் எடுத்து, கண்ணை மூடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெண் வீட்டிலிருந்து சேதி வந்தது. பெண்ணின் தாயார் ரொம்பப் பணிவாகச் சொல்லியனுப்பியிருந்தாள்: கல்யாணத்துக்கு வேண்டிய வெள்ளை உணவை நாங்களே கொண்டுவந்துவிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டுக் கூடாரத்தில் மாப்பிள்ளை வீட்டுத் தயிர் இல்லை என்பதற்கு, 'உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கிறோம், ஆனால் உங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்' என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் புர்வே வந்தாள். எனெபிஷ் மோட்டார் சைக்கிளை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு வாளித் தயிரை வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்து, வாளியைக் கென்மெதெஹ் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"தின்னுங்க."

"என்னம்மா இது?"

"என் கண் முன்னால தின்னுங்கண்ணே. என்ன குறைன்னு சொல்லுங்க. என் பாலுல குறையா, தொட்டியில குறையா, என் கையில குறையா? எங்கம்மா குடுத்த உறையை நான் கெடுத்துட்டேன்னு ஊரே பேசுது. சம்பந்தி வீட்டுல சோறு கட்டிட்டு வராங்களாம். என் மகன் முகத்துல முழிக்க முடியல!"

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க" என்று எனெபிஷ் யஞ்ச்மாவைப் பார்த்தான். "நான் இவளுக்கு ஆறுதல் சொன்னா, 'உனக்கு என்ன தெரியும், உன் பேரே இது இல்லைன்னுதானே' அப்படிங்கறா."

கென்மெதெஹ் வாளியைப் பார்த்தார். ஆடை சுருங்காமல் வழவழவென்று கிடந்தது. விளிம்பில் சின்னச் சின்னக் குமிழ்கள். உள்ளே இருந்த வக்கீல் துள்ளி எழுந்தான்: சந்தர்ப்பம் தானாக வந்திருக்கிறது! ஒரு பெண்ணின் மானம், ஒரு கல்யாணம். இதைத் தின்பது பேராசை இல்லை, கடமை. முழு வாளியும் கடமை! அவருடைய கை வாளியின் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. அடுப்புக்கு அந்தப்பக்கம் யஞ்ச்மா அகப்பையோடு எழுந்து நின்றாள். அவள் கண்ணில் இப்படியொரு பயத்தைக் கென்மெதெஹ் அதற்குமுன் பார்த்ததில்லை. டெஸ்ட்டுக்கு அதிக நாள் இல்லை என்பதும், அந்த வாளி காலியானால் இந்த அடுப்புக்கு இந்தப்பக்கம் உட்கார ஆள் இருக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"புர்வே, உன் தயிரு கெடலம்மா. என் கிட்னி கெட்டுப்போச்சு."

"என்னது?"

"கிட்னி. ரெண்டும். டாக்டரு தினம் இத்தனூண்டு கோப்பையில பாதிதான் தின்னச் சொல்லியிருக்கு. அதான் வச்சுட்டேன். உன் தயிரு..." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பரவாயில்ல."

புர்வே அவரைப் பார்த்தாள், யஞ்ச்மாவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"கிட்னியா?" என்றாள். "நிஜமாவே கிட்னியா? அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே!" என்று கை தட்டிச் சிரித்தாள். கென்மெதெஹின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஏய்யா, கேட்டியா? அண்ணன் கிட்னி கெட்டுப்போச்சாம்!"

பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிரம்பிவிட்டது. "ஐயோ அண்ணே, மன்னிச்சுருங்க. நான் ஒரு பைத்தியம்."

யஞ்ச்மா முதலில் சிரித்தாள். அகப்பையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு எனெபிஷ், பிறகு புர்வே அழுதுகொண்டே. ஒரு மனிதனுடைய நோய் இவ்வளவு சந்தோஷத்தைத் தரக்கூடும் என்று அறியாத கென்மெதெஹ் மட்டும் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார்.

"ஊர்ல சொல்லலாமாண்ணே?" என்று கேட்டாள் புர்வே, கண்ணைத் துடைத்தபடி.

அவர் யஞ்ச்மாவைப் பார்த்தார். யஞ்ச்மா தோளைக் குலுக்கினாள். "சொல்லு. முதல்ல சம்பந்தி வீட்டுல சொல்லு."

எனெபிஷ் உடனே மோட்டார் சைக்கிளை உதைத்தான். ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் இறங்கக் கூட நேரமில்லாமல் வேகத்தைக் குறைத்துக் கத்திக்கொண்டே போனான்.

"தயிரு கெடல! கிட்னிதான் கெட்டுப்போச்சு!"

"யாரு கிட்னிடா?"

"யாருக்குத் தெரியும்!"

"தெரியாம ஏண்டா கத்தறே? யாரு நீ?"

"இது இல்லை!"

இப்படி ஒரு சேதியை வைத்துக்கொண்டு ஊர் எப்படித் தூங்கும்? பொழுது விடிந்ததும் கணவாயிலிருந்து ஆறு வரைக்கும் ஆட்கள் கென்மெதெஹ் கூடாரத்துக்கு வர ஆரம்பித்தார்கள். யஞ்ச்மா பயந்தபடியே ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாத்திரம். எதற்காக வருகிறோம் என்பதை அவர்கள் வரும் வழியிலேயே மறந்திருந்தார்கள். "தயிர் தின்னக்கூடாதாமே, பாவம்" என்று சொல்லிக்கொண்டே தயிரை இறக்கி வைத்தார்கள்.

"இவருக்குத்தான் ஆகாதுங்கறேன்!"

"இது வேற அக்கா, பசும்பாலு. லேசா இருக்கும்."

மறுக்க முடியாது. வாங்கிய பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பவும் முடியாது, அதில் ஏதாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். யஞ்ச்மா ஒரு நாள் முழுக்கத் திகைத்து நின்றாள். மறுநாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மேற்கிலிருந்து வந்த தயிரைக் கிழக்குப் பாத்திரத்தில் ஊற்றினாள், கிழக்கிலிருந்து வந்ததை மேற்கில் ஊற்றினாள். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் தயிரைத் தின்று, "யஞ்ச்மா கை தனிதான்" என்று பாராட்டியது. யாருடைய உறை யார் வீட்டில் ஓடுகிறது என்பது அன்றோடு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாததாகிவிட்டது. நடுவில் ஒரு சொட்டும் கென்மெதெஹின் வெள்ளைக் கோப்பையின் பாதியைத் தாண்டவில்லை. அவரைக் காவல் காக்க இப்போது பள்ளத்தாக்கே இருந்தது. ஆற்றங்கரையில் அவர் குனிந்தால் கூட, "அண்ணே, கையில என்ன?" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வரும்.

கல்யாணத்தில் புர்வேயின் தயிர்தான். பெண்ணின் தாயார் எல்லோருக்கும் முன்னால் ஒரு பெரிய கிண்ணம் குடித்து, இன்னொன்று கேட்டாள். வெட்கத்தைக் கழுவ அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது கிண்ணத்தில் முகம் வெளுத்து, கூடாரத்தின் பின்பக்கம் போய்விட்டு வந்தாள்.

டெஸ்ட் நாள் வந்தது. உர்னா முதல்நாளே தலைநகரத்திலிருந்து வந்துவிட்டாள். அப்பாவுக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள், ஜன்னலுக்குத் திரையும் தைத்து வைத்திருந்தாள். விடியலில் யஞ்ச்மா அவருடைய நல்ல அங்கியை எடுத்துக் கொடுத்து இடுப்புப் பட்டையைச் சுற்றி இறுக்கிவிட்டாள். துணிமூட்டை எதுவும் கட்டவில்லை.

"ஒருவேளை அங்கிருந்தே போக வேண்டியிருந்தா?" என்று உர்னா கேட்டாள்.

"போயி ரத்தத்தைக் குடுத்துட்டு வாங்க" என்றாள் யஞ்ச்மா. கணவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்த நேரம் முழுவதும் கென்மெதெஹ் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் உண்மையிலேயே பாதிதான் தின்றேனா என்று மனதுக்குள் கேட்டுப் பார்த்துக்கொண்டார். வக்கீலிடமிருந்து சத்தமே வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவன் பேசுவதில்லை.

டாக்டர் தொல்கோர் கதவைத் திறந்தார்.

"ஏறல" என்றார். "பாஸ்பரஸ் நல்லாவே இறங்கியிருக்கு. கிட்னி அப்படியே நிக்குது. நிக்கிறதே பெரிய விஷயம். பனி கெட்டிப்படறதுக்குள்ள இன்னொரு தடவை வாங்க."

"அப்ப நான் இவரைக் கூட்டிட்டுப் போக வேணாமா?" என்று உர்னா கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. சந்தோஷமா ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"இங்க ஊரே சேர்ந்து பத்தியம் காக்குது. அங்க நீங்க ஆபீஸ் போயிட்டா யாரு காப்பாங்க?" என்றார் டாக்டர்.

கென்மெதெஹ் எழுந்து, யாராவது மனதை மாற்றிக்கொள்வதற்குள் என்பதுபோல் விறுவிறுவென்று ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். பூட்ஸை ஒருமுறை கழற்றிப் பார்த்தார். சுலபமாகக் கழன்றது. மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மா" என்று சிரித்தார்.

பாதி வழியில், ஆற்றுத் துறையைத் தாண்டும்போது, எதிரே ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. யாக் வண்டிகள், அவற்றின் மேல் மடித்துக் கட்டிய கூடாரம், அடுப்பு, பெட்டிகள், ஆடுகளின் தூசி. முன்னால் குதிரையில் யஞ்ச்மா. வண்டிகளை ஓட்டிவந்தது எனெபிஷும் புது மாப்பிள்ளையும். யஞ்ச்மாவின் கையில் இன்னொரு குதிரையின் கயிறு இருந்தது. அதன் மேல் சேணம் போட்டிருந்தது, ஆள் இல்லை.

உர்னா ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினாள். "அம்மா! ரிசல்ட்டே தெரியாம கூடாரத்தைப் பிரிச்சிட்டீங்களா?"

"யாக்குக்கு ரிசல்ட் தெரியுமா? அங்க புல்லு தீந்துபோச்சு" என்றாள் யஞ்ச்மா. மகளோடு பேசினாலும் கண் ஜீப்புக்குள் இருந்த அங்கியின் மேல் இருந்தது. "என்ன சொன்னாங்க?"

கென்மெதெஹ் ஜீப்பிலிருந்து இறங்கினார். நடந்து வந்து, அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கி, சேணத்து வளையத்தில் காலை வைத்து ஏறி உட்கார்ந்தார். யஞ்ச்மா வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக் காரணமில்லாமல் அதட்டினாள்.

"ஏ கிழவா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "இன்னிக்குப் பங்கு தின்னியா?"

"எங்க? காலைல வெறும் வயித்துல வரச் சொன்னாங்களே."

"கடைசி வண்டியில பானை இருக்கு. கோப்பையும் இருக்கு. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

கென்மெதெஹ் குதிரையைத் திருப்பி, வரிசையின் கடைசிக்கு, சின்னப் பையனைப் போலத் தட்டிவிட்டார்.